சனிக்கிழமைக்கான தோட்டாக்கள்

ஸ்ம்ருதி, உன் அப்பாவுக்கு என் மோர்க்குழம்பு ரொம்பப் பிடிக்கும். சேப்பங்கிழங்கு போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

போன வாரம் நீ இர்விங்கிலிருந்து போன் பண்ணினாயே, "ஆன்ட்டி, அப்பாவோட முதல் திதிக்கு அவர் லாஸ்ட்டா சாப்பிட்ட சாப்பாட்டையே குக் பண்ணலாம்னு இருக்கேன். அன்னைக்கு உங்க வீட்ல என்ன சாப்பிட்டார்னு ஞாபகம் இருக்கா?" என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. போனில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை, அவ்வளவுதான்.

இன்று காலையிலேயே சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நீ எட்டு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அவசரமே இல்லை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மெதுவாகப் படி.

முதலில் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது ஒன்றும் புரியாது.

உன் ரங்கன் அங்கிள் நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க மெஷின்களைச் சோதித்துக் குறை கண்டுபிடித்தே பழகியவர். ரிட்டயர் ஆன பிறகு இந்த ரவுண்ட் ராக் ஊரில் அவருக்குச் சோதிக்கக் கிடைத்த ஒரே மெஷின் நான். நான் கடுகு தாளித்தால் பின்னால் நின்று, "ஷ்யாமி, எண்ணெய் இன்னும் சூடாகணுமோ?" என்பார். டிஷ்வாஷரில் நான் அடுக்கிய தட்டுகளை எடுத்து வேறு மாதிரி அடுக்குவார். நான் குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் ஓடிய நேரத்தைச் சொல்வார். எல்லாம் அன்பாகத்தான். அன்பாகச் செய்பவரை என்ன சொல்லமுடியும்? நாற்பது வருஷத்துக்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை.

அப்புறம் பத்ரி வந்தான். இவரோடு வேலை பார்த்த பையன். இவரை ஒரு சனிக்கிழமை லிபர்ட்டி ஹில் பக்கம் இருக்கும் துப்பாக்கி சுடும் திடலுக்கு அழைத்துக்கொண்டு போனான். போனவர் சாயங்காலம்தான் வந்தார். முகமெல்லாம் புழுதி, ஒரு காது சிவந்திருந்தது, குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்த மாதமே ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கிவிட்டார். மரக்கட்டை போட்டது, என் வயதைவிட மூத்தது.

துப்பாக்கி பெரிய விஷயம் இல்லை, ஸ்ம்ருதி. தோட்டாதான் விஷயம். புதுத் தோட்டா வாங்கிச் சுட்டால் அரைமணியில் கையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அந்த விலை. ஆனால் இப்போது தேசப்படத்திலேயே இல்லாத நாடுகள், வராத ஒரு யுத்தத்துக்காகச் செய்து கிடங்கில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் இருக்கின்றன. பச்சை பெயிண்ட் அடித்த தகர டப்பா, ஈயம் வைத்து அடைத்தது. மீன் டப்பாவைத் திறப்பதுபோல ஒரு சாவியை வைத்துச் சுருட்டித் திறந்தால், உள்ளே பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய பொட்டலங்கள். நம் ஊர் மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரியே இருக்கும். அந்த டப்பா ஒன்று இருந்தால் சனிக்கிழமை முழுக்கச் சுடலாம். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும்.

நான் வாசலில் நின்று கார் திரும்பும்வரை பார்ப்பேன். பிறகு உள்ளே வந்து சோபாவில் உட்காருவேன். டி.வி. போடமாட்டேன். போன் எடுக்கமாட்டேன். ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கும், நிற்கும், மறுபடி உறுமும். மத்தியானம் தயிர் சாதத்தை அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவேன். யாரும், எதுக்கு நின்னுண்டு சாப்பிடறே என்று கேட்கமாட்டார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் இருந்தேன். மற்ற நாளெல்லாம் வேலை நடந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் வந்ததும் வெந்நீர் கேட்பார். அந்தப் பழைய தோட்டாக்களில் ஏதோ உப்பு இருக்கிறதாம். அன்றைக்கே துப்பாக்கிக் குழாயில் கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடுமாம். காபி ஃபில்டரைக் கழுவுவதுபோலப் பின்கட்டில் நின்று கழுவுவார். நான் கெட்டில் கெட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அந்தக் கெட்டில்தான் என் சனிக்கிழமைக்கு நான் கொடுத்த வாடகை.

கழுவிக்கொண்டே கதை சொல்வார். அதில் ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லவேண்டும். பழைய தோட்டா சில சமயம் டக்கென்று சத்தம் மட்டும் போட்டுவிட்டு வெடிக்காமல் இருந்துவிடுமாம். அப்போது துப்பாக்கியைத் திறந்து பார்க்கக்கூடாது. உள்ளே புகைந்துகொண்டு இருக்கலாம், நேரம் கழித்தும் வெடிக்கலாம். "அசையாம நிக்கணும் ஷ்யாமி. முப்பது எண்ணணும். அவசரப்பட்டுக் கிட்டப் போனவாதான் கண்ணைக் கெடுத்துண்டிருக்கா" என்பார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

உன் அப்பா அந்தக் காரியத்தில் வேறு ஜாதி. அவர் சுடுகிறவர் இல்லை, சேர்க்கிறவர். பெட்ரோல் பங்கை விற்ற பிறகு கராஜ் முழுக்க அந்த டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாரே, உனக்குத் தெரியாததா. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. எந்த நாடு, எந்த ஆலை, எந்த வருஷம் என்று தகரத்தின்மேல் அடித்திருக்கும் எண்களைத் தடவித் தடவிப் பார்ப்பார். உன் அம்மா சாந்தி வாராவாரம் உன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இர்விங் வந்துவிடுவாள் இல்லையா, அதனால் வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் அந்த டப்பாக்களைப் பற்றியே சண்டை போடுவார்கள்.

"வெள்ளியங்கிரி, ஒண்ணே ஒண்ணு குடுமேன். திறந்து சுட்டாத்தானே அது தோட்டா. இல்லேன்னா ஊறுகாய்" என்பார் இவர்.

"ஊறுகாயாவே இருக்கட்டுங்க. எம்பொண்ணு ஸ்ம்ருதியக் கேட்டாக்கூட ரெண்டு நிமிசம் யோசிச்சுக் குடுத்துருவனுங்க. இதக் கேக்காதீங்க ரங்கன்."

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் உன் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று நீ பார்த்திருக்கமாட்டாய். நான் பார்த்திருக்கிறேன். அதையும் உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அப்புறம் சரக்கு வருவது நின்றுபோயிற்று. அந்தத் தேசங்களில் கிடங்கு காலி, வருவதற்கும் தடை, இருக்கிறவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். இவருடைய டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மாதம் நாலு சனிக்கிழமை என்பது இரண்டாயிற்று. கடைசி டப்பாவில் பாதி இருக்கும்போது ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"போறும் ஷ்யாமி. இது தீர்ந்துடுத்துன்னா துப்பாக்கியைக் குடுத்துடறேன். சனிக்கிழமையும் இனிமே ஆத்துலயே இருக்கேன். உனக்கும் துணையாச்சு."

என் கையை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் உன் அம்மா எனக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். கராஜில் கார் விட இடமில்லை என்று வழக்கம்போலப் புலம்பினாள். "இவரு கண்ண மூடுனா மறுநாளே எல்லாத்தையும் ரங்கன் அண்ணன் வீட்டுக்கு ஏத்தி உட்டுருவனுங்க்கா. ஒத்தப் பைசா வேண்டாம், எடுத்துட்டுப் போனாப் போதும்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள்மேல் ஒரு பிழையும் கிடையாது. அவளிடம் நீ இதைக் கேட்கக்கூடாது.

உன் அப்பாவின் கராஜில் இருந்தவை இவருக்கு ஆயுசு முழுக்கச் சுடக் காணும்.

உன் அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட்டாகவேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் வேறு யார் வீட்டிலும் சாப்பாடு தட்டுக்கு வந்த பிறகுதான் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் மட்டும் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்ததுமே போட்டுக்கொண்டுவிடுவார். "ஷ்யாமளாம்மா வீட்டுச் சாப்பாட்ட நம்பி ஊசி போட்டுக்கலாங்க. பன்னெண்டுன்னா பன்னெண்டு" என்பார். அது பெரிய பாராட்டு. என் சமையலை ருசி என்று சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. நேரத்தைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

அந்த வியாழக்கிழமையும் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டார். "போட்டாச்சுங்க" என்றார். இவர் தட்டு எடுத்து வைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பெருங்காயம் இல்லை என்று பார்த்தேன்.

எங்கள் வீட்டு முறை உனக்குத் தெரியும். சமைத்ததைப் பெருமாளுக்குப் படைக்காமல் யாருக்கும் பரிமாறுவதில்லை. குழந்தை அழுதால்கூட. பெருங்காயம் இல்லாத மோர்க்குழம்பை எப்படிப் படைப்பது என்றேன். "இப்பவா? பன்னெண்டு ஆறதே" என்றார் இவர். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் சொல்லி அவர் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. இந்தியன் ஸ்டோர் ஹைவேக்கு அந்தப் பக்கம், வழியெல்லாம் ரோடு வேலை. உடனே வரமுடியாது.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் புதுப் பெருங்காய டப்பா ஒன்று இருந்தது. காலையில்தான் அங்கே வைத்தேன்.

உன் அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ புதுத் தோட்டா டப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்பளம் பொரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஷ்யாமளாம்மா, ஒரு வாய் மோர் இருந்தாக் குடுங்க" என்றார். "இதோ ஆயிடுத்து, பெருமாளுக்கு ஆகலையே" என்றேன். "அதுஞ்சரிங்க. சாமிக்கு முன்னாடி நமக்கென்னங்க" என்றார். மரியாதை தெரிந்த மனிதர். வேறு யாராவது என்றால் எழுந்துவந்து ஃபிரிட்ஜைத் திறந்திருப்பார்கள். உள்ளே ஆரஞ்சு ஜூஸ் இருந்தது. இன்னொருத்தர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பவர் இல்லை உன் அப்பா.

பிறகு நெற்றியெல்லாம் வேர்த்தது. காரில் மிட்டாய் வைத்திருக்கிறேன், எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். சாவியைக் கொடுத்தார், கை ஆடியது. நான் போனேன். கார்க் கதவைத் திறந்தேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் இருந்தது, எலுமிச்சை மிட்டாய். வெயில் நன்றாக அடித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், கை அசைத்தார், நானும் அசைத்தேன். உள்ளே வந்து, காணோமே என்றேன்.

"பரவால்லீங்க" என்றார். பிறகு என்னைச் சாந்தி என்று கூப்பிட்டார். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்தார்.

இதை நீ படிக்கவேண்டாம் என்று தோன்றினால் இந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போ. அவருக்கு வலி இருந்ததாகத் தெரியவில்லை. தூக்கம் மாதிரிதான் இருந்தது. நான் கிட்டப் போகவில்லை. அசையாமல் நின்று முப்பது எண்ணினேன். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். எத்தனை தடவை என்று கேட்டால் தெரியாது. நடுவில் ஒருமுறை அடுப்பை அணைக்கப் போனேன், அதனால் கணக்கு விட்டுப்போயிற்று.

எல்லாம் அடங்கிய பிறகு புது டப்பாவை எடுத்துப் பெருங்காயம் போட்டேன். விளக்கேற்றிப் பெருமாளுக்குப் படைத்தேன். அதற்குப் பிறகுதான் உன் அப்பாவின் தட்டில் சாதம் போட்டேன், குழம்பு விட்டேன், கையால் பிசைந்து பாதியை எடுத்துக் குப்பையில் போட்டேன், அப்பளத்தை உடைத்து வைத்தேன். முறையில் ஒன்றும் தவறவில்லை. பிறகு 911 கூப்பிட்டேன். இவர் வந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. இவர் கையில் பெருங்காய டப்பா. அதை அன்று சாயங்காலம்வரை கீழே வைக்கவில்லை.

பெருங்காயம் போடாமலே சமாளித்துச் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார் என்றேன். இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் இருந்தது, சர்க்கரை இருந்தது, வயதும் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். இந்த ஒரு வருஷத்தில் கேட்டது நீ ஒருத்திதான், அதுவும் சமைப்பதற்காக.

சாந்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காரியம் முடிந்த வாரமே சபரி என்று ஒரு பையனை வண்டியோடு அனுப்பினாள். எங்கள் கராஜ் நிரம்பிவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அத்தனையும் சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணக்கில் பிழை அங்கேதான். இத்தனை வருஷம் கூட இருந்தும் இவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. முதல் சனிக்கிழமை பத்ரி வந்து ஹாரன் அடித்தான். இவர் வெளியே போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "வெள்ளியங்கிரி திறக்காம வெச்சதை நான் திறக்கமாட்டேன் ஷ்யாமி" என்றார். துப்பாக்கியைப் பத்ரிக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கிறார். உள்ளே கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, உன் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. இது எந்த நாடு சொல்லு பார்ப்போம் என்று என்னைக் கேட்பார். துடைத்து முடித்ததும் மறுபடி முதல் டப்பாவிலிருந்து. சில சமயம் கண் கலங்கும். "அன்னிக்கு நான் ஆத்துல இருந்திருந்தா" என்பார். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். ஃபிரிட்ஜ் உறுமுகிறதா என்றே இப்போது எனக்குத் தெரியவில்லை, ஸ்ம்ருதி. எப்போதும் ஒரு பேச்சுக் குரல் இருக்கிறது.

எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. உன் அப்பாமேல் எப்போதுமே இருந்ததில்லை. அலுப்பு மட்டும்தான். நீ சின்னவள். குழந்தை தூங்காத ராத்திரிகளில் உனக்கு வருகிற அலுப்பு காலையில் போய்விடும். போகாத அலுப்பு ஒன்று இருக்கிறது. அது உனக்கு வரவேண்டாம்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பு, பீன்ஸ் பருப்புசிலி, தக்காளி ரசம், அப்பளம். இவ்வளவும் அன்றைக்குச் சமைத்திருந்தேன். எல்லாம் நன்றாக அமைந்திருந்தது. உன் அப்பா எதையும் சாப்பிடவில்லை. பசியோடுதான் போனார். ஆகவே திதிக்கு நீ எதைச் சமைத்தாலும் அவருக்குப் பிடிக்கும்.

உன்னிடம் மறைத்து வைத்தேன் என்று பிற்பாடு யாரும் சொல்லக்கூடாது. அதற்காகத்தான் இன்றைக்கே எழுதிவிட்டேன். இன்றைக்கே என்பதற்கு வேறு பெரிய காரணம் இல்லை. போன மாதம் இவருக்கும் சர்க்கரை ஏறிவிட்டது. இந்த வாரம் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிட முடியுமா என்று டாக்டரம்மா கேட்டபோது இவர் என்னைக் காட்டிப் பெருமையாகச் சிரித்தார். எங்காத்துல பன்னெண்டுன்னா பன்னெண்டு என்றார்.

இதோ கூப்பிடுகிறார். "ஷ்யாமி, ஊசி போட்டுக்கலாமோ?"

"போட்டுக்கோங்கோ. எல்லாம் ஆயாச்சு" என்றேன்.

இந்தப் பக்கங்களை இப்போது உனக்கு அனுப்பிவிடுகிறேன், கண்ணா. நிதானமாக எழுத்துக் கூட்டிப் படி. இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது. பெருமாளுக்கு மட்டும் இன்னும் படைக்கவில்லை.